திரியாயிலிருந்து கண்டிக்கு, அக்காவின் முதுகோடு

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் கடற்கரை, கோயில், நல்ல சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதுவேன். இது வேறு மாதிரியான பயணம். சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அக்கா யோகமலரைத் திரியாயிலிருந்து திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று மதியம் நாங்கள் இருந்தது கண்டியில். முதுகு வருத்தக்காரரை அந்தப் பக்கத்திலிருந்து கூட்டிவர இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எல்லாத்தையும் எழுது. நான் அழுதனான் எண்டு மட்டும் எழுதாத" என்றாள். சரி, எழுதவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. அத்தான் காலமான பிறகு தனியாகக் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம் செய்கிறாள். ஒரு வருடமாக இடுப்பில் நோவு. இடது காலில் மின்சாரம் பாய்வதுபோல இழுக்கும். கிளினிக்கில் ஸ்கான் படத்தைப் பார்த்த டாக்டர், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, மருந்துக்கும் பயிற்சிக்கும் குறையாவிட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தார். அந்தத் 'தேவைப்படலாம்' என்ற சொல்லை நாங்கள் இருவரும் இறுகப் பிடித்துக்கொண்டோம். முதுகில் கத்தி வைத்தால் பிறகு கட்டில்தான் என்று பக்கத்து வளவுக்காரர் வேறு பயமுறுத்தியிருந்தார். எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்ப்போம், அடுத்த கிளினிக்குக்குப் போகலாம் என்று சொன்னவன் நான். இரண்டு மாதம் அப்படிப் போனது.

அந்தச் செவ்வாய்தான் அடுத்த கிளினிக் நாள். நான் திங்கள் பின்னேரமே திரியாய்க்குப் போய்விட்டேன். மறுநாள் காலை 6.10க்கு ஓட்டோவில் சந்திக்கு வந்தோம், இருநூறு ரூபா. புல்மோட்டையிலிருந்து வரும் பஸ் 6.25க்கு வந்தது. நகரம் வரை சுமார் 45 கிலோமீற்றர், ஒருவருக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபா. ஏறும்போது அக்காவின் இரண்டு கால்களும் தடுமாறின. நடத்துனரும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். சன்னலோரம் இருந்த ஒரு முஸ்லிம் பெண் தள்ளியிருந்து இடம் கொடுத்தார். நான் எதிர்ப்பக்க இருக்கையில்.

குச்சவெளி தாண்டியதும் அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, சீற்றில இருக்கிற மாதிரியே தெரியேல்லை."

"நித்திரை இல்லாததால விறைச்சிருக்கும்" என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு மருத்துவமாது. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்காவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் முன்னுக்குப் போய் நில்லுங்க" என்றார் அவர்.

போய்ச் சாரதிக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ் இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியது. கீழே களப்பில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பல தடவை படம் எடுத்த இடம். அன்று எனக்குப் பின்னால் என்ன கதைக்கிறார்கள் என்பதிலேயே காது நின்றது, ஒன்றும் கேட்கவில்லை.

பாலம் முடிந்ததும் அந்தப் பெண் கம்பியைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"அக்காவுக்கு நேத்துப் பகலிலிருந்து ஒண்டுக்குப் போகல்ல. குந்தி இருக்கிற இடமெல்லாம் மரத்துப்போச்சு. உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டிருக்கா. தம்பி, கிளினிக் வரிசையில நிக்காதீங்க. நேரா அவசர சிகிச்சைக்குப் போய், இந்த ரெண்டையும்தான் முதல்ல சொல்லணும். முதுகு நோ எண்டு தொடங்கினா வரிசையில இருக்கச் சொல்லிருவாங்க."

"அவ்வளவு அவசரமோ?"

"நரம்பு செத்தா திரும்பி வராது. நாளைக்கு எண்டு விட ஏலாது."

சாரதிக்கும் கேட்டிருக்க வேண்டும். நிலாவெளிக்குப் பிறகு அவர் ஆட்களை ஏற்றவில்லை. கை காட்டியவர்களைப் பார்த்து நடத்துனர், "வருத்தக்காரர் இருக்கினம், பின்னால வஸ் வருது" என்று கத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சந்தியில் 7.35க்கு இறக்கி, ஓட்டோவையும் அவர்களே மறித்துத் தந்தார்கள். அந்த மருத்துவமாதுவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சொல்லித் தந்த இரண்டையும் அப்படியே சொன்னேன். உடனே கட்டிலில் ஏற்றினார்கள். குழாய் போட்டதும் ஒரு லீற்றருக்கு மேல் சிறுநீர் வந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர் அக்காவின் பாதத்திலிருந்து மேலே ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "தெரியேல்லை, தெரியேல்லை" என்றே அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கான சத்திரசிகிச்சை அங்கே செய்ய முடியாது என்று 9.15க்கு அம்புலன்சில் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக 180 கிலோமீற்றர். ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அக்கா ஒன்றைத்தான் கேட்டாள்: "கச்சான் பிடுங்க ஆள் சொன்னனான். ஆர் போய்ப் பார்க்கிறது?"

புதிதாக எம்.ஆர்.ஐ படம் எடுத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களத்தில் விளக்கினார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் மொழிபெயர்த்தார். தட்டு உடைந்து முழு நரம்புக் கற்றையையும் அமுக்குகிறது. இன்றே எடுக்க வேண்டும். நடை திரும்பும் என்று நம்புகிறார். சிறுநீர் திரும்புமா என்று உறுதி சொல்ல ஏலாது. செய்யாவிட்டால் அனேகமாகத் திரும்பாது.

எனக்குப் பக்கத்து வளவுக்காரரின் கட்டில் கதை ஞாபகம் வந்தது. "ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்து…" என்று தொடங்கினேன்.

"நீ பொறு" என்றாள் அக்கா. "முதுகு என்ர. ரெண்டு மாசம் உன்ர கதையைக் கேட்டனான். எங்க கையெழுத்து வைக்கிறது, மிசி?" என்று தாதியிடம் கேட்டாள்.

நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஆறரைக்கு வெளியே வந்தாள். மறுநாள் காலை இடது பெருவிரல் அசைந்தது. அது அசைந்ததா, நான்தான் அப்படிப் பார்த்தேனா என்று சந்தேகமாக இருந்தது. திரும்ப ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள்.

ஒன்பதாம் நாள் வாடகைக்கு ஒரு வான் பிடித்துத் திரும்பினோம், இருபத்தையாயிரம் ரூபா. பின் இருக்கையைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். கந்தளாயில் இறங்கி, நடைச்சட்டத்தைப் பிடித்து இருபது அடி நடந்தாள். என் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். அவ்வளவு காலமும் தானே குழாய் போட்டுத்தான் சிறுநீர் எடுத்தாள். தானாகப் போவது மெல்ல மெல்லத் திரும்பியது. இடது பாதத்தின் ஓரம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. மூட்டை தூக்க ஏலாது. இப்போது திரியாயில்தான் இருக்கிறாள்; தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வரம்பில் நின்று குத்தகைக்காரருக்குப் பிழை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்களில் யாராவது இப்படிப் போவதானால், ஸ்கான் அறிக்கையோடு படத்தையும் எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பின் இருக்கை வேண்டாம், குலுக்கல் தாங்காது. எல்லா முதுகு வருத்தத்துக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை, மருந்தோடும் பயிற்சியோடும் சுகப்படுகிறவர்கள் நிறையப் பேர் என்று டாக்டர்களே சொன்னார்கள். ஆனால் சிறுநீர் போகாமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கும் குந்தியிருக்கும் இடமும் மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அம்புலன்சைக் கூப்பிடுங்கள். நாங்கள் பஸ்ஸில் போனது பிழை.

அக்கா சொல்ல வெட்கப்பட்டாள். நான் கேட்க வெட்கப்பட்டேன் என்றுகூடச் சொல்ல ஏலாது. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துத் தோட்டம், மழை எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.

"போகுதடா, போகுது. சந்தையில நிக்கிறன், வை போனை" என்கிறாள்.