ஈரப் புடவையும் மர்சலின் சிஸ்டரும்

இந்த 1994-உடன் மர்சலின் நர்ஸாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வீடு சாந்தோமில், வேலை பெசன்ட் நகரில் ஒரு சிறிய பிரசவ கிளினிக்கில். குப்பத்துக் கர்ப்பிணிகள் எதற்காக வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஈரத்தைப் பற்றித்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை, ஊரூர் குப்பத்துத் தேசம்மா தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். எட்டாம் மாதம். கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

“எப்பலேர்ந்து இந்த ஈரம்?”

“இன்னா சிஸ்டர், வரும்போதெல்லாம் இதையே கேக்கற! கடல் தண்ணி, ஐஸ் தண்ணி. என் பொடவை என்னிக்குக் காஞ்சு கீது? இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்.”

மீன்காரிகளிடம் இதுதான் சிக்கல். பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அப்படியே விட்டால் கிருமி உள்ளே போய்க் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தேசம்மாவின் பயமோ வேறு. போன மாதம் பொய்வலிக்குப் பெரியாஸ்பத்திரி போய்த் திரும்பியவளைக் குப்பமே கேலி செய்திருந்தது.

“இன்னொருவாட்டி சும்மா போய்ட்டு வந்தேன்னா, என் மாமியா கைதட்டிச் சிரிக்கும்.”

பனிக்குட நீர் பட்டால் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். கால்வழியே இறங்கிய ஈரத்தில் மர்சலின் வைத்த தாள் நீலமானது. அவர் அதோடு நிற்கவில்லை. முந்தானையைப் பிழிந்து, அந்தச் சொட்டில் இன்னொரு தாளை நனைத்தார். அதுவும் நீலம். கடல்நீருக்கும் அதே குணம்.

“இந்தத் தாள் இன்னிக்கு நமக்கு உதவாதும்மா.”

தன் மாற்றுப் புடவையைக் கொடுத்தார். நன்றாகத் துடைத்து, மடித்த வெள்ளைத் துணி வைத்துப் படுக்கச் சொன்னார். உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. கிருமியை நாமே ஏற்றிவிடக் கூடாது என்பார். அரைமணி கழித்து எழுந்து நிற்கச் சொன்னார்.

“இருமு.”

“சளியே இல்லியே!”

“இல்லாட்டியும் இருமு.”

சிரித்துக்கொண்டே இருமினாள். துணி நனைந்தது. சிறுநீர் வாடை இல்லை. மீன் வாடையும் இல்லை. தேசம்மாவின் சிரிப்பு நின்றது.

கிளினிக் டாக்டர் ஜெயலக்ஷ்மி, கிருமி நீக்கிய கருவி வைத்துப் பார்த்தார். பனிக்குடம் உடைந்துதான் இருந்தது.

“பொய்வலி இல்லன்னு என் மாமியாராண்ட நீயே சொல்லு சிஸ்டர்.”

“சொல்றேன். நீ மொதல்ல ஆட்டோல ஏறு.”

தேசம்மா ஏறினாள். மர்சலின் பிற்பகலில் குப்பத்துக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாமியார் சிரிக்கவில்லை; செருப்பைக்கூட மாட்டாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் பால் குடிக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.