சாவியை எடுத்தால் உருளும் வண்டி: காந்தமில்லா மோட்டாருடன் மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

இந்த ஜூலையில் மும்பைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. இருபத்திரண்டு கிலோ எடையுள்ள ஒரு மோட்டாரை விற்க. கோயம்புத்தூரில் நானும் நண்பன் சதீஷும் மின்வண்டிகளுக்கு மோட்டார் செய்கிறோம். வழக்கமான மோட்டாருக்குள் அரிய மண் காந்தம் இருக்கும். அது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. வரத்து நின்றால் இங்கே பல பட்டறைகள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடும். எங்கள் மோட்டாரில் காந்தமே இல்லை. இரும்பு, செம்புச் சுருள், அவ்வளவுதான். இதைச் செய்து முடிக்கவே எங்கள் சேமிப்பு போய்விட்டது. இந்தப் பயணத்தில் ஆர்டர் கிடைக்காவிட்டால் சதீஷ் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். அப்புறம் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

ரயில் குர்லா முனையத்துக்கு விடிகாலையில் வந்தது. ஒன்றரை நாள் பயணம். கொங்கணத்து மழை ஜன்னலோடு கூடவே ஓடி வந்துகொண்டிருந்ததால், எப்போது தூங்கினேன், எப்போது விழித்திருந்தேன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறங்கினால் ஊர் முழுவதும் ஈரப் பஞ்சுக்குள் வைத்த மாதிரி இருந்தது. நான் தங்கப் போனது இன்னொரு நண்பனின் அறை, திலக் நகரில். முனையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கையில் மோட்டார் இல்லாவிட்டால். எனக்கு இருந்ததால் ஆட்டோ.

முதல் சந்திப்பு மாட்டுங்காவில். திலக் நகரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கினேன். அலுவலக நேரத்தில் இந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். மோட்டார்ப் பையை ஒருவர் காலில் வைத்துவிட்டேன். அவர் இந்தியில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மணி சார் ஒரு ஸ்கூட்டர் வாடகை நிறுவனத்தில் கொள்முதல் பார்ப்பவர். மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. காபிக் கடையில் மேசைக்கு அடியில் பையைத் திறந்து காட்டினேன். பேட்டரியை இணைத்துச் சுற்றவிட்டதும் டம்ளரில் நுரை நடுங்கியது. பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

"பாடறதே! சாரீரம் நன்னாத்தான் இருக்கு. ஆனா ஸ்கூட்டர்ல உக்காந்துண்டு யார் இதைக் கேக்கறது?" என்றார் மணி சார்.

"சத்தம் வரும் சார். குறைக்கலாம், முழுசா போகாது. பொய் சொல்ல மாட்டேனுங்க."

"சரி, இதுக்கு பதில் சொல்லுங்கோ. இன்னிக்குக் காந்தம் கிடைக்கலை, அதனால உங்களைக் கூப்பிட்டேன். நாளைக்குக் கப்பல் வந்துடுத்துன்னா உங்ககிட்ட யார் வருவா?"

பேட்டரியைக் கழற்றிப் பையை மூடினேன். காபிக்கு அவரே காசு கொடுத்தார். அதுவே 'வேண்டாம்' என்ற பதில் மாதிரி இருந்தது.

மாட்டுங்காவில் ஆட்டோ கிடையாது, டாக்சிதான். தாராவி தொண்ணூறு அடிச் சாலைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நெரிசலில் அரை மணி. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. விளம்பரப் பலகைகளின் தமிழ் எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. அந்த ஒரு கேள்வி மட்டும் வைப்பர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கப்பல் வந்துவிட்டால்?

தாராவியில் பார்க்கப் போனது முத்துலட்சுமி அக்காவை. பூர்வீகம் நாசரேத் பக்கம். முறுக்குப் போடுகிறவர்களின் தகரங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோக எட்டு சரக்கு மின் ஆட்டோ வைத்திருக்கிறார். ஒன்றில் மோட்டார் போய், மாற்று கிடைக்காமல் நின்றுவிட்டது.

"கோயம்புத்தூர்லேருந்து இதைத் தூக்கிட்டா வந்திய? பொண்ணு பாக்க வந்த மாதிரி பையை மடியில வச்சிருக்கிய!" என்று சிரித்தார். பிறகு, "நின்னுபோன வண்டியில மாட்டுங்க. நாளைக்கு நம்ம டிரைவர் மாரி ஓட்டிப் பாப்பான். அவன் சொல்லட்டும்" என்றார்.

மாட்ட ஐந்து மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில், முறுக்குப் போடுகிற வீடுகள் இருந்த அந்தச் சந்தின் போக்குவரத்தைக் கவனித்தேன். அகலம் ஒரு வண்டிக்கு இரு பக்கமும் ஒரு சாண். வாசலில் பாத்திரம், பாய், விளையாடும் குழந்தைகள். முன்பு ஒரு குழந்தையின் கால் நசுங்கியதிலிருந்து அங்கே ஒரு கட்டுப்பாடு: சந்து முனையில் சாவியை எடுத்துவிட வேண்டும், உள்ளே தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். யார் வண்டியாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் முக்கி முனகித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். அந்த வண்டிகளில் சாவியை எடுத்ததும் கண்ட்ரோலர் சுருள்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும். அந்த நிலையில் சக்கரம் சுற்றப் பார்த்தால் மோட்டாருக்குள் இருக்கும் காந்தமே அதை இழுத்துப் பிடிக்கும்.

மறுநாள் மாரியோடு செம்பூர். ஏழு கிலோமீட்டர், முறுக்குத் தகரங்கள் பின்னால். மாரிக்கு என் வயதுதான் இருக்கும். தாராவியில் பிறந்தவன், திருநெல்வேலியை ஒரே ஒரு முறை கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது பார்த்திருக்கிறானாம். மோட்டார் முனகத் தொடங்கியதும், "அரே, வண்டி பாடுதுல்லா!" என்று அவனும் கூடப் பாடினான். சயான் தாண்டியதும் மழை மெலிந்து புகை போல நின்றது. அந்த ஒற்றைச் சுருதியில் சாலையும் லாரிகளும் எங்கோ தண்ணீருக்கு அடியில் போவது போலத் தோன்றியது. சிறிது நேரம் ஆர்டரைக்கூட மறந்திருந்தேன்.

செம்பூரில் கடை ஒரு மேட்டுத் தெருவில். மாரி நிறுத்தினான், சாவியை எடுத்தான், இறங்கினான். நான் தகரக் கணக்கைச் சொல்லக் கடைக்காரரிடம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

சத்தமே இல்லை. பின்பக்கமாக, அவசரமே இல்லாமல், எங்களை விட்டு விலகிப் போனது. ஒரு நொடி நானும் மாரியும் அதை வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏய்! பிடி, பிடி!"

ஓடினோம். சரிவின் கீழே தெரு ஓரம் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதில் மெத்தென்று முட்டி நின்றது. ஒரு தகரம் விழுந்து தெருவெல்லாம் முறுக்கு. யாருக்கும் அடி இல்லை.

"கைப்பிரேக் போடலையா?" என்று கத்தினேன்.

"கைப்பிரேக்கா? எட்டு வண்டியிலயும் கேபிள் அறுந்து வருசக்கணக்காச்சு. சாவி எடுத்தா வண்டி நிக்கும். தாராவி பூரா அப்படித்தாம்ல நிறுத்துறோம்!"

என் மோட்டாரில் காந்தம் இல்லை. சாவியை எடுத்தால் அது வெறும் இரும்பு. சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மோட்டாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நான் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பும்போது மாரி பாடவில்லை. சந்து முனையில் அக்கா நின்றிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "இப்படியே இதை ஓட்டக் கூடாதுங்க அக்கா. சாயங்காலமே கழட்டி எடுத்துக்கறேன்" என்றேன். சதீஷிடம் என்ன சொல்வது என்று அப்போதே வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மாரி வழக்கம் போலச் சாவியை எடுத்துவிட்டு வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். தனியாக. ஒரு கையால். மறு கையில் வடாபாவ். வண்டி தண்ணீரில் விட்ட தோணி போலப் பாய்களையும் பாத்திரங்களையும் ஒட்டிக்கொண்டு நழுவிப் போனது. அதன் பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்த வேறொரு வண்டி அப்படியே நின்றுவிட்டது.

"என்னல, பேட்டரிய கழட்டிப் போட்டியா?" என்றான் ஒருவன்.

"காந்தம் இல்லாத வண்டிடே. சும்மா போகுது பாரு."

"கழட்டப் போறாராம்ல" என்றார் அக்கா.

மாரி நின்றான். "கழட்டவா? யாரு விட்டா? ஒரு பிரேக் கேபிள் போட்டா முடிஞ்சுது. இத எடுத்துட்டுப் போனா அவரும் கூடத் தள்ள வரட்டும், தினம் நாலு தடவை."

அக்கா என்னைப் பார்த்தார். "எட்டு வண்டிக்கும் உங்க மோட்டாரையே போடுங்க தம்பி. ஆனா மொதல்ல எட்டுக்கும் கைப்பிரேக். நான் ஒண்ணொண்ணா மேட்டுல நிறுத்திப் பாப்பேன். உருண்டுச்சுன்னா மோட்டாரோட நீங்களும் ஊருக்குத்தான்."

"காந்தம் மறுபடி வந்துட்டா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"வந்தா வரட்டும். அதுவா வந்து இந்தச் சந்துல வண்டி தள்ளப் போகுது?"

மணி சாருக்கு அன்றே போன் செய்து இந்தப் பதிலைச் சொன்னேன். "ஸ்கூட்டருக்கு அது ஆகாதே" என்றார். உண்மைதான். ஸ்கூட்டர் சந்தை எங்களுக்கு இல்லை. காந்தம் கிடைக்காத குறைக்கு வாங்குகிறவர் கப்பல் வந்ததும் போய்விடுவார். காந்தம் இல்லாததே வசதி என்கிறவரைத் தேடிப் போக வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சாவியை எடுத்துவிட்டுத் தள்ளுகிறவர்களாக இருப்பார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் எந்தச் சந்திப்புக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கனமான பையோடு லோக்கல் ரயிலில் பதினொரு மணிக்குப் பிறகு ஏறுங்கள். தாராவியில் தமிழே போதும்; சயான் தாண்டினால் இந்தி வேண்டும். தெரியாத வண்டியைத் தொடும் முன் அது எப்படி ஓடுகிறது என்பதோடு எப்படி நிற்கிறது என்றும் கேளுங்கள்.

சதீஷ் ஓசூருக்குப் போகவில்லை. நான் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தேவ்நாரில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் எட்டு கைப்பிரேக் கேபிள் வாங்கினேன். எங்கள் மோட்டாருக்கு வந்த ஆர்டருக்காக நான் வாங்கிய முதல் சரக்கு அதுதான். பழைய மோட்டாரின் காந்தம் பிடித்துக்கொண்டால் பிரேக்கைச் சோதிக்க முடியாது என்று மற்ற வண்டிகளில் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டேன். ஏழாவது வண்டியை அக்கா மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது மறுபடி மழை பிடித்தது. நாங்கள் எல்லோரும் நனைந்துகொண்டே ஒரு வண்டி அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.