கிடாய் சம்மதித்த கதை

திண்டுக்கல்லில் மாதக் கடைசி ஞாயிறுதோறும் ஓர் இலக்கியக் கூட்டம் நடக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில். வடையும் டீயும் உண்டு என்பதால் இலக்கியமும் உண்டு. போன வருஷம் அங்கே என் சிறுகதையைப் பிரித்து மேய்ந்தார்கள்.

கதை இதுதான். எங்கள் பக்கத்துக் கிடாவெட்டில் முதலில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் வெட்டக்கூடாது. அதனால் சிலுப்பும்வரை ஊற்றுவார்கள். என் கதையில் கிடாய் வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. குடம் குடமாக ஊற்றிய பிறகு, கடைசியில் சிலுப்புகிறது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். எதிரே பதினாறு பேர்; அதற்கு ஒரு மைக். கிடாய் என்பது வாக்காளன் என்றார். தண்ணீர் தேர்தல் வாக்குறுதி. குடம் ஊடகம். கொம்பின் வளைவு நீதித்துறையாம். கொம்பைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. உருவகம் என்றால் இந்த ஆட்களுக்கு விடுகதை. விடையைச் சொல்லிவிட்டால் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வடைப் பக்கம் போய்விடலாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் வாயைத் திறக்காமல் பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேசினால் அந்தக் கிடாய் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும்.

அது என் தங்கை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நெய்க்காரப்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பி.எட். முடிக்கிறேன், பிறகு பார்க்கலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணம் முடிந்தால்தான் என் கல்யாணம். எனக்குப் பேசிவைத்திருந்த வீட்டில் அவசரப்படுத்தினார்கள். வந்தவர்கள் கூடத்தில் காத்திருக்க, அடுப்படியில் அவள் முன்னால் நின்று, "சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு" என்று அரைமணி நேரம் உயிரை வாங்கினேன். அவள் படிப்பு அன்றோடு நின்றது.

இதை நேராக எழுத எனக்குத் துப்பில்லை. கிடாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உருவகத்தில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. பாவத்தை ஊருக்கே சொல்லிவிட்ட நிம்மதி கிடைக்கும், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்தப் பேராசிரியராவது வெறும் முட்டாள்.

அடுத்த வாரம் தங்கை வந்தாள். ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவோடு கதை வந்த பத்திரிகையும் கையில் இருந்தது.

"அண்ணே, அந்தக் கெடா நாந்தான?"

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. புரிந்துகொண்டாள், இனி மன்னித்துவிடுவாள், இரண்டு பேரும் கொஞ்சம் அழுவோம் என்று நினைத்தேன்.

"ஆமாத்தா" என்றேன்.

"கடைசில தலையச் சிலுப்புச்சுன்னு எழுதியிருக்க. நான் எப்பண்ணே சிலுப்புனேன்? ஒரு வார்த்த பேசாம செவத்தப் பாத்துக்கிட்டுல்ல நின்னேன். வெளிய போயி 'சரிங்குறா'ன்னு சொன்னது நீதான?"

கொய்யாவைத் தட்டில் எடுத்துவைத்தாள். பத்திரிகையை மேஜைமேல் போட்டாள். இத்தனை வருஷம் கழித்து, கதையிலும் அவளுக்காக நானே சம்மதம் சொல்லியிருந்தேன்.