சிவந்த காலுக்குக் கழனியில் இடமில்லை

நடவு வேலைக்கு முகம் தேவையில்லை. குனிய ஒரு முதுகும், சேற்றில் ஊற இரண்டு கால்களும் இருந்தால் போதும். வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். கால் சேற்றுக்குள் கிடக்கும், அதை யார் பார்த்தார்கள்? விரல் இடுக்கில் தோல் வெளுத்து, வெந்து, வெடித்து, பாயில் படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியுமே, அந்தச் சேற்றுப்புண்ணை அனுபவித்தவர்கள் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். அனுபவிக்காதவர்கள் ஒரு நாள் முழுக்க ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

என் பெயர் ஆரோக்கியம். பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த நாளில், பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற கழனிகளில் ஒரு நடவுக் கூட்டத்தோடு வருஷக்கணக்கில் நாற்று நட்டவள். கன்னியர் பள்ளியில் மூன்று வகுப்பு படித்ததால் எழுத வரும். வாயும் உண்டு, அது எந்தப் பள்ளிக்கும் போகாமலே வந்தது.

செத்த காலுக்கு ஒப்பாரி

எங்கள் கூட்டத்தில் செங்கேணி என்று ஒருத்தி. கைக்குழந்தைக்காரி. நடவில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஒரு சம்பாவில் பாதி நடவிலேயே கால் புண்ணாகி உட்கார்ந்துவிட்டாள். கூலி நெல் வராமல் அந்த வீட்டில் தை மாதம் வரைக்கும் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அடுத்த சம்பாவிலும் நடவு தொடங்கின வாரமே அவள் விரல் இடுக்கு வெளுக்க ஆரம்பித்தது. இன்னொரு தடவை அவள் உட்கார்ந்தால் குழந்தைக்குப் பால்கூட இருக்காது என்று எங்கள் எல்லோருக்கும் பயம்.

மருந்து ஒன்றும் ரகசியமில்லை. கரை ஏறியதும் காலைக் கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைத்து, மருதாணி இலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசி, காய்கிறவரை காலை நீட்டி உட்கார வேண்டும். எல்லோருக்கும் தெரியும், ஒருத்தியும் செய்ய மாட்டாள். வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவளுக்குக் காலை நீட்டி உட்கார ஏது நேரம்? தனியாகச் செய்யச் செங்கேணிக்கு வெட்கம் வேறு. அதனால் வாய்க்கால் கரையிலேயே எல்லோரும் சேர்ந்து பூசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். எவள் பூசாமல் நழுவுகிறாளோ, அவள் கால் செத்துப்போனதாக எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் வரப்பில் ஒப்பாரி வைப்போம்.

முதலில் நழுவியது பச்சையம்மா அத்தை. கூட்டத்தில் மூத்தவள், நாக்கில் எண்ணெய் தடவாமல் பேசுகிறவள். மறுநாள் அவளைப் பிடித்து உட்காரவைத்து, காலை வரப்பில் நீட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்தினோம். "களத்து மேட்ட மிதிச்ச காலே, கரும்புக் கொல்ல கண்ட காலே, மருதாணிக்கி பயந்துகினு மண்ணுக்குள்ள போனியே" என்று நான் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். செங்கேணி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். அத்தைக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் செத்தாக்கூட எம் மருமவ இம்மாம் அழ மாட்டாடி. நாளைக்கும் பூசாமதான் வருவேன், இருங்க."

ஐந்து விரலுக்கும் உத்தியோகம்

அத்தை நிஜமாகவே இரண்டு நாள் பூசாமல் வந்து ஒப்பாரியை வாங்கிக்கொண்டதால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கால் விரல்களுக்கு உத்தியோகம் கொடுத்தோம். பெருவிரல் மேர். எங்கள் கொம்யூனின், அதாவது ஊராட்சியின், தலைவரை மேர் என்றுதான் சொல்வோம். அவர் பருத்து, எல்லோருக்கும் முன்னால் நிற்பார். அடுத்த விரல் ஆண்டை. நடுவிரல் ஆண்டைக்காக வேலை வாங்குகிற காரியக்காரர், ஆண்டையைவிட ஒரு நகம் நீளம் என்று அவருக்கே நினைப்பு. நாலாவது டாணாக்காரன், அதாவது போலீஸ். சுண்டுவிரல் நாங்கள்.

அதற்கப்புறம் பூசுவது பெரிய விளையாட்டாகிவிட்டது. மேருக்கு மாலை மரியாதை, ஆண்டைக்கு ஒரு தலைப்பாகை, காரியக்காரருக்கு வாய் நிறைய மருதாணி என்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொல்லிச் சொல்லி அப்புவாள். ஒரு இடுக்கு விட்டுப்போனால் பக்கத்தில் இருக்கிறவள் கண்டுபிடித்து, "மேர் வூட்டுக்கும் ஆண்ட வூட்டுக்கும் நடுவுல வாய்க்கா ஓடுது பாரு" என்று காட்டிக்கொடுத்துவிடுவாள். உலை வைக்கப் போக வேண்டும் என்று எழுந்தவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்தார்கள். சேற்றுப்புண் எப்போதும் சுண்டுவிரல் இடுக்கில்தான் முதலில் பிடிக்கும், அது ஏன் என்று ஒரு நாள் நான் கேட்டு வைத்தேன். தன் காலைப் பார்த்துக்கொண்டே செங்கேணி பதில் சொன்னாள்: "டாணாக்காரன் பக்கத்துல ஒக்காந்தா புண்ணு வராம இன்னாக்கா வரும்?"

பெரியசாமி செய்த காரியம்

ஞாயிற்றுக்கிழமை என்னைப்போலக் கிறிஸ்தவர்கள் மாதா கோயிலுக்குப் போய்விடுவோம், நடவு இருக்காது, வாய்க்கால் கரையில் கூடுவதும் இல்லை. அன்றைக்குச் செங்கேணிக்கு யார் பூசிவிடுவது? குழந்தை இடுப்பை விட்டு இறங்காது. அவள் புருஷன் பெரியசாமி கரும்பு வெட்டுகிறவன், அதிகம் பேச மாட்டான். எங்கள் விரல் விளையாட்டை அவள் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவன் அதைக் கேட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மேரிலிருந்து தொடங்கி வரிசையாகப் பூச ஆரம்பித்துவிட்டான். டாணாக்காரனை மட்டும் இரண்டு தட்டு தட்டினானாம்.

தெருவில் போன நாலு ஆம்பிளைகள் நின்று சிரித்தார்கள். பெண்டாட்டி காலை மடியில் வைக்கிறவன் மீசையை எடுத்துவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். நான் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன், ஆனால் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பெரியசாமி தலையைத் தூக்காமல், கையை நிறுத்தாமல் சொன்னான்: "தெனம் ஆண்ட கால்ல வுயுந்து எயுந்துதான் வூட்டுக்கு வரேன். எம் பொண்டாட்டி கால தொட்டா இன்னா கொறஞ்சி பூடும்?"

குடைக்குக் கீழிருந்து வந்த உத்தரவு

நடவு பாதி தாண்டும்போது செங்கேணியின் விரல் இடுக்குகள் மூடி, புதுத்தோல் வந்துவிட்டது. எங்கள் எல்லோர் காலும் கணுக்கால்வரை செக்கச்செவேல் என்று இருந்தது. அது கண்ணை உறுத்தியது. எங்களுடைய கண்ணையல்ல, ஆண்டை வீட்டுக் கண்ணை. அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் நோன்புக்கும் பூசிக்கொள்வதை, சேற்றில் இறங்குகிற நாங்கள் தினம் பூசிக்கொண்டு அவர்கள் வாசல் வழியாகவே நடந்து போகிறோமாம். காரியக்காரர் வரதப்பன் சாயங்காலம் குடையோடு வாய்க்கால் கரைக்கு வந்தார். அது மருந்து என்று நான் சொன்னேன். செங்கேணி காலைக் காட்டினாள். அவர் காலைப் பார்த்தார், புண் ஆறினதைப் பார்க்கவில்லை.

ஓர் உத்தரவைப் போட்டுவிட்டுப் போனார். செங்கேணி உடனே எழுந்து போய் ஒரு செங்கல் துண்டை எடுத்து வந்து, தண்ணீரில் நனைத்து, பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு நாள் வேலை போனாலே அவளுக்குத் தாங்காது. அப்போதுதான் மூடியிருந்த தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் உடம்பில் எங்களுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பாதம் ஒன்றுதான், அது என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வாரா? அவர் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "செவப்பு போற வரைக்கும் ஒருத்தியும் கழனில கால் வெக்கக் கூடாது. நெட்டப்பாக்கத்துல இருந்து ஆள் எறக்கிக்கிறேன்."

நாற்றுமுடி போட்ட நாள்

மறுநாள் பெரிய கழனியில் முதல் நாற்று ஊன்ற வேண்டிய நாள். அந்த நாளுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டை தரப்பில் யார் வரப்புக்கு வந்தாலும் எதிரே நாற்றுமுடி என்கிற நாற்றுக்கட்டு ஒன்றைப் போட்டு மறிப்போம். அவர் அதைத் தாண்டக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். நாங்கள் அவர் காலுக்குச் சேறு பூசி, அவர் வம்சத்தை வாழ்த்திப் பாடி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வழி விடுவோம். பாட்டு முடிவதற்குள் காலை எடுத்தால் விளைச்சல் போய்விடும் என்று நம்பிக்கை. வேலை இல்லை என்று சொன்னவர் வழக்கம் இல்லை என்று சொல்லவில்லையே. விடியற்காலையிலேயே எங்கள் தெரு அம்மிகள் எல்லாம் ஓடின. அரைத்த மருதாணியைக் கருப்புச் சேற்றில் குழைத்து ஒரு சட்டி நிறைய எடுத்துக்கொண்டோம்.

கழனியில் பறித்த நாற்று கட்டுக்கட்டாக மிதந்தது. நெட்டப்பாக்கத்து ஆட்களைக் காணோம். நடவுக் காலத்தில் எந்த ஊர்க் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும்? மத்தியானம் ஆண்டை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாராம், காரியக்காரர் வரப்பில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் தலைகுனிந்து போய் நாற்றுமுடியைப் போட்டதும், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். பிடிபட்டால் அன்றோடு எங்கள் தெருவுக்கே அந்தக் கழனி இல்லை. பச்சையம்மா அத்தை உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் கணுக்கால்வரை பதமாக அப்பினாள்.

மருதாணி பிடிக்க நேரம் வேண்டுமே. பாடினேன். அவர் பிறந்த நட்சத்திரத்தைப் பாடினேன். அவர் தாத்தா வெட்டிய கிணற்றைப் பாடினேன். அவர் தாத்தா கிணறு வெட்டினாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது போலிருக்கிறது, ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. குடையின் அழகு, மீசையின் முறுக்கு, அவர் வீட்டு மாட்டின் சுழி என்று ஒன்றையும் விடவில்லை. செங்கேணி பின்பாட்டுப் பாடினாள். ஒவ்வொரு அடியையும் மும்மூன்று தடவை இழுத்தாள். வெயில் ஏறிச் சேறு காய்ந்து வெடித்தது. அவர் கால் அசையவில்லை, புகழ்ச்சி அப்படிக் கட்டிப்போட்டிருந்தது. தொண்டை கட்டினபிறகுதான் முடித்தேன்.

அவர் வெற்றிலை பாக்கைக் கொடுத்துவிட்டு வாய்க்காலில் காலைக் கழுவினார். தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். சேறு போயிற்று, கால் கல்யாணப் பெண்ணின் கால்போல இருந்தது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பச்சையம்மா அத்தை மட்டும் ரொம்ப மரியாதையாக, செவப்பு போற வரைக்கும் கழனிப் பக்கம் வர வேண்டாம், அது அவரே போட்ட உத்தரவு என்று ஞாபகப்படுத்தினாள். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கையில் இருந்த குடையை மடக்கி ஓங்கினார். நாங்கள் நகரவில்லை. செங்கேணி எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஓங்கின குடை அப்படியே நின்றது. தூரத்தில் ஆண்டையின் வண்டி மாட்டு மணி கேட்டது, நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கால்களைச் சுற்றி மூடிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "எறங்குங்க. உங்க கால நான் பாக்கல, எங்கால நீங்களும் பாக்காதீங்க."

அழகுக்காகக் காலுக்குப் பூசிக்கொள்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் நிற்பதற்காகப் பூசினோம், பூசுவதற்காகச் சிரித்தோம், செங்கேணி கடைசி நாற்றுவரை நட்டாள், தடுக்க வந்தவர் கால்தான் எங்கள் எல்லோர் காலையும்விட நன்றாகப் பிடித்திருந்தது.