எந்த மருந்தில் நேரானது என் முகம்?

1974 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது, விடாத தூறல். கல்பாத்தியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரே குடைக்குள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெண்ணை உடனே அடையாளம் தெரிந்தது. பேச்சியம்மா. மூணாறில் என் இளைய மகள் குடியிருக்கும் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பக்கத்தில் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றவன் அவள் கணவன் சுடலைமுத்து. துண்டை விலக்கினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு கோணியிருந்தது. வலது கண் மூடவே இல்லை. ஜூலை மாதத்தில் பத்தொன்பது நாள் என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம்!

“ஐயா, உங்க மொகம் நேராயிட்டுன்னு சின்னம்மா சொன்னாக,” என்றாள் பேச்சியம்மா. “எந்த மருந்துல நேராச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதை வாங்கிக் குடுத்துட்டு நாங்க போயிருதோம்.”

“நிறைய மருந்து சாப்பிட்டேனே அம்மா...”

“அது தெரியும்யா. எல்லாத்தையும் வாங்க எங்ககிட்ட வக இல்ல. அறுவது ரூவா இருக்கு. ஒரு கண்ணை மூட முடியாதவன் கையில கவாத்துக் கத்தியைக் குடுக்க மாட்டேங்காங்க. இந்த மாசம் முடியுமட்டும் பாப்பாகளாம். பெறவு பேரை அடிச்சிருவாகளாம்.”

சுலபமான கேள்விதானே? முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதற்குப் பதில் தெரியாதா?

தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

வாசகர்களுக்கு முன்கதை தெரிய வேண்டும். மே மாதம் மகள் வீட்டில் இருபத்தாறு நாள் தங்கியிருந்தேன். தினமும் காலையில் தேயிலைச் சரிவில் நாலாயிரம் அடி நடப்பேன் — எண்ணித்தான். ஒருநாள் இடுப்பில், வேட்டிக்கட்டுக்குச் சற்று மேலே, மிளகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த சுடலைமுத்துதான் பார்த்தான். “உண்ணிய்யா! மாட்டு உண்ணி இல்ல, காட்டு உண்ணி,” என்று நகத்தால் பிடுங்கிப் போட்டான். எங்களையும் மாட்டையும் உண்ணி பாகுபாடு பார்ப்பதில்லை என்று சிரித்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம். நாலு நாள் கழித்து நாலேகால். என் மனைவி விசாலம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “ஈர வேஷ்டியைக் கட்டிண்டு ஜபம் பண்ணினா படர்தாமரை வராம பின்னே என்னவாக்கும் வரும்?” ஏதோ இலையை அரைத்துப் போட்டாள். வட்டம் மறைந்தது. இலைக்கு ஒரு மார்க்.

ஊர் திரும்பிய பிறகு, ஜூன் கடைசியில் ஆரம்பித்தது வினை. முதுகிலிருந்து விலாவுக்கு மின்சாரம் பாய்ந்தது மாதிரி வலி. ஜபம் எண்ணும்போது விரல் கணுக்களே தெரியவில்லை, மரத்துப்போய்விட்டன. பிறகு மூளையும் குழம்பியது.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒட்டி ஒட்டி ஒரே மாதிரி இருக்கும். கோயில் முனையிலிருந்து எண்ணினால் பதினேழாவது என் வீடு. நாற்பது வருஷமாக எண்ணாமலே கால் போகும். அன்று எண்ணிக்கொண்டே போய்ப் பத்தொன்பதாவது வீட்டுக்குள் நுழைந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, “காப்பி!” என்று கத்தினேன். அந்த மாமியும் பேசாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பாதி குடிக்கும்போது அந்த வீட்டுக்காரர், ரயில்வேயில் ரிட்டயரான கிட்டா மாமா, உள்ளேயிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் ஹோமியோபதி புஸ்தகம் வைத்திருப்பவர்.

“ஓய், இது ஞாபகக் கோளாறாக்கும். நான் மருந்து தரேன். ஆனா இன்னியோட காப்பியை நிறுத்தணும்,” என்று டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தண்ணீர் வாயின் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் என்னைப் பார்த்துக் கோணிக் காட்டியது.

அதற்கப்புறம் நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வைத்தியர் வந்து நாடி பார்த்தார். “ஸ்வாமி, இது வாதம். மூக்கில் மருந்து விடணும், தைலம் தேய்க்கணும். புளி கூடாது, தயிர் கூடாது. குத்திவெப்பு வேண்டவே வேண்டாம்,” என்றார். குத்திவெப்பு என்றால் ஊசி. கிட்டா மாமா காப்பியோடு வெங்காயத்தையும் பெருங்காயத்தையும் எடுத்துவிட்டார். விசாலம் பகவதி கோயிலில் வழிபாடு நேர்ந்துகொண்டாள். மூணாறிலிருந்து மகள், ‘தினம் நூறு தடவை பலூன் ஊதுங்கள்’ என்று எழுதினாள். பத்தியங்களை எல்லாம் கழித்துப் பார்த்ததில் நான் சாப்பிடக் கூடியவை மூன்று மிஞ்சின — கஞ்சி, உப்பு, சுட்ட அப்பளம்.

வலி மட்டும் குறையவில்லை. கடைசியில் பாலக்காட்டு டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டர் என் பழைய மாணவன். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவன். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தான்.

“அணுக்கள் அதிகமா இருக்கு சார்.”

“எத்தனை?”

“அதிகம் சார்.”

இப்படிப் பதில் சொல்லித்தான் முப்பத்தெட்டு வாங்கினான்!

ஆனால் நல்ல பையன். பூச்சி ஏதாவது கடித்ததா என்று அவன்தான் கேட்டான். நான் வட்டத்தின் அளவுகளைத் தேதியோடு சொன்னேன். எழுந்து போய்ப் புஸ்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தான். “வெளிநாட்டில் உண்ணி கடிச்சு, வட்டம் வந்து, அப்புறம் நரம்பைப் பிடிக்கறது உண்டுன்னு எழுதியிருக்கு சார். நம்ம ஊர்ல உண்டான்னு தெரியலை. இதுக்குப் பெயரும் எனக்குத் தெரியலை. பென்ஸிலின் போட்டுப் பார்க்கலாம்.”

பெயரில்லாத வியாதிக்கு இருபத்தெட்டு ஊசி. வைத்தியருக்குத் தெரியாமல் ஊசி. டாக்டருக்குத் தெரியாமல் தைலம். இருவருக்கும் தெரியாமல் கிட்டா மாமாவின் வெள்ளை உருண்டை. எதையும் நிறுத்தத் தைரியம் வரவில்லை. நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

ஆகஸ்டில் வலி போயிற்று. முகம் நேராயிற்று. பதினேழாவது வீட்டுக்கே திரும்பி வர ஆரம்பித்தேன்.

சரி... எதனால்?

அன்று சுடலைமுத்துவை உட்காரவைத்துவிட்டு, ஒரு தாளில் கோடு போட்டுத் தேதிகளை எழுதினேன். தைலம் ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் உதடு அசைந்தது. ஆனால் அது ஊசியின் ஐந்தாம் நாள். வழிபாடு முடிந்த மறுநாளும் அதுவே! கிட்டா மாமாவிடம் ஓடினேன். “சந்தேகமென்ன, என் உருண்டைதான்,” என்றார். டவுனுக்குப் போய் டாக்டரைக் கேட்டேன். அவன் இன்னும் குழப்பினான். “வலி போனது ஊசியாலன்னு நினைக்கறேன் சார். முகம் மட்டும்னா, சில பேருக்கு மருந்தே இல்லாம தானாவும் சரியாகும்.”

தானாக! ஐந்து பேர் சண்டை போடும் இடத்தில் ஆறாவதாக இவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

திரும்பி வந்தபோது பகல் ஒன்றரை. பேச்சியம்மா முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

“உனக்கு வட்டம் வந்ததா?”

“முதுகுல வந்துச்சாம்யா. நான் எப்படிப் பாக்க? இவதான் பாத்தா.”

“மொகம் கோணுனதும் லயத்து வீடுகள்ல எல்லாரும் பேய் அறஞ்சிட்டுன்னுட்டாங்கய்யா,” என்றாள் பேச்சியம்மா. “இவுகளை அறையப் பேயி எதுக்கு, நான் இருக்கேன்லா!”

சுடலைமுத்து சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது.

உள்ளே போய் விசாலத்திடம் சொன்னேன். “தப்பா ஒண்ணைச் சொல்லிட்டா அந்த அறுபது ரூபாயும் போச்சு, அவன் வேலையும் போச்சு. என்னன்னு சொல்லறது?”

அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. “நாளைக்கு உங்களுக்கே மறுபடியும் கோணித்துன்னு வெச்சுக்கோங்கோ. முதல்ல எங்க ஓடுவேள்?”

“டாக்டர்கிட்ட.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது. இரண்டு பக்கம் கோடு போட்டும் வராத விடை!

“பின்னே எதுக்கு இத்தனை நேரம் அந்த மனுஷாளைக் காக்க வெச்சேள்?”

அன்று சாயங்காலமே அழைத்துப் போனேன். முதுகு நீர் எடுத்தார்கள். மறுநாளிலிருந்து ஊசி. பதினான்கு நாள், நாளுக்கு இரண்டு. ஒலவக்கோட்டில் ரயில்வே கேங்மேனாக இருக்கும் பேச்சியம்மாவின் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டார்கள். டாக்டர் தன் பீஸை வேண்டாமென்றுவிட்டான். அந்த அறுபது ரூபாயை விசாலம் தொடவிடவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுடலைமுத்துவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஊசி மட்டும்தான், வேறு எந்த மருந்தும் கூடாது. அவன் பணத்தை மிச்சப்படுத்த என்றுதான் சொன்னேன். உள்ளுக்குள் வேறு கணக்கு. ஊசி ஒன்றிலேயே இவன் குணமானால், என் முகத்துக்கும் விடை கிடைத்துவிடுமே!

தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் புருவம் அசைந்தது. பன்னிரண்டாம் நாள் கண் முக்கால்வாசி மூடியது. 22ஆம் தேதி, கடைசி ஊசி போட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வலது கண்ணை இறுக்கி மூடி, திறந்து, மறுபடி மூடிக் காட்டினான். போதாததற்கு ஒரு விசில் வேறு அடித்தான். தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது.

“பார்த்தாயா! ஊசிதான்! சந்தேகமே இல்லை!” என்று நான் குதித்தேன்.

பேச்சியம்மா விசாலத்தைப் பார்த்தாள். விசாலம் மேலே கூரையைப் பார்த்தாள். அப்போதுதான் சுடலைமுத்துவின் கன்னத்திலிருந்து அந்த வாசனை என் மூக்கில் ஏறியது... வைத்தியரின் தைலம்!

“அம்மா மிச்சத்தைக் குடுத்தாகய்யா. நீங்க பாத்துட்டுப் போனபெறவு தெனமும் ரெண்டு வேளை தேச்சேன்,” என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

“பகவதிக்கும் நேர்ந்துண்டேன்,” என்றாள் விசாலம். “ரெண்டே கால் ரூபாய்தானாக்கும்.”

“எங்க சாமிக்கு ஒரு சேவலும் நேந்திருக்கேன்யா,” என்றாள் பேச்சியம்மா. “ஊருக்குப் போனதும் குடுக்கணும்.”

எனக்கு வந்த கோபத்தில் வாய் மறுபடியும் கோணிக்கொள்ளுமோ என்று பயமாகிவிட்டது. “ஒண்ணே ஒண்ணுன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்ப எது குணப்படுத்தித்துன்னு எப்படித் தெரியும்?”

விசாலம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அவன் மொகமாக்கும் அது. உங்க ஸ்லேட் இல்லை.”

வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சரியாகவே மூடியது.

அவன் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே கவாத்துக்குப் போய்விட்டதாக மகள் எழுதியிருக்கிறாள். எனக்குத்தான் விடை கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி முகம் கோணினால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் என்ன தேய்த்தாலும், யாருக்கு நேர்ந்துகொண்டாலும், நான் எதையும் கேட்கப் போவதில்லை.

பஸ் ஏறும்போது பேச்சியம்மாவின் கையில் ரகசியமாக ஆறு ரூபாயைத் திணித்தேன். எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சுடலைமுத்துவின் முகத்துக்காக எனக்கு ஆன மொத்தச் செலவு: தொண்ணூற்றாறு ரூபாய் இருபத்தைந்து பைசா — சேவலில் பாதி உட்பட.