வழவழப்பான நுனி

அவரைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் ஏறி வெட்டும் வேலையில் இருபத்திரண்டு வருடம். நல்ல மனிதர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஏறுவார், அதை மறுக்க முடியாது.

அவருடைய கம்பெனியில் ஒரு விதி உண்டு. மரத்தில் இருக்கும்போது தன் கயிற்றில் தானே ரம்பத்தைப் பட வைத்தவன், கீழே வந்ததும் அதைக் காட்ட வேண்டும். கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு அவன் மரம் ஏற முடியாது. கீழே நின்று கிளை இழுக்க வேண்டும். அப்படி இழுப்பவர்களைக் குப்பை பொறுக்கிகள் என்று சொல்லிச் சிரித்தவர் பல்லிதான்.

ஒரு மதியம் ஒற்றைக் கையால் மோட்டார் ரம்பத்தை ஓட்டியபோது, கீழே தொங்கிய கயிற்றில் பல் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்டுப்பட்ட இடத்தோடு சேர்த்து அதற்குக் கீழே இருந்த நாலு ஆள் நீளத்தை அறுத்து ஒளித்தார். புது நுனியை லைட்டரில் உருக்கி, விரலால் உருட்டி வழவழப்பாக்கினார். கயிறு தீர்ந்தாலும் இறங்குபவரை விழாமல் நிறுத்த நுனியில் போட்டிருந்த தடுப்பு முடிச்சும் அறுத்த துண்டோடு போயிற்று. வேறு முடிச்சு போடுவதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். உயரமான மரங்களுக்கான சிவப்பு நாடா அதன் மறு தலைப்பில் அப்படியே இருந்தது.

அவர் மனைவியின் தம்பியும் அதே கம்பெனியில்தான் மரம் ஏறினான். மறுநாள் காலை அந்தக் கயிறு அந்த மச்சினன் தோளில் கிடந்தது.

"நீ இன்னிக்கு சின்ன மரத்துக்குப் போடா," என்றார் பல்லி.

"ஏன் மாமா, பெரிய மரம் உங்க பேர்ல பட்டாவா?"

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரித்தார். மேஸ்திரி நின்றதால் பல்லி மேற்கொண்டு பேசவில்லை.

மச்சினன் இறங்கி வரும்போது, தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கையில் கயிறு தீர்ந்தது. முடிச்சு இல்லாத நுனி இடுப்புவாரில் மாட்டிய பிடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. இரண்டு குதிகாலும் நொறுங்கின.

முடிச்சைப் பார்க்காமல் ஏறியது அவன் தப்பு என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சியாகப் பல்லி கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் மச்சினன் கேட்டான்: "அந்த நுனியப் பாத்தீங்களா மாமா? அவ்வளவு சுத்தமா உருட்டுறது நம்ம கம்பெனியில ஒரே ஆளுதான்."

பல்லி ஜன்னலைப் பார்த்தார். "அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா அவ எங்க போவா?"

பத்து மாதம் கழித்து அவன் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பினான், கிளை இழுக்க. பல்லி இன்றும் ஏறுகிறார். அவர் இறங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கீழிருந்து ஒரு குரல் வரும்: "கயிறு எட்டுது மாமா. முடிச்சு இருக்கு. பாத்துட்டேன்."

மாமன்மேல் என்ன பாசம் பார் என்கிறார்கள் கூட இருப்பவர்கள்.