சகலை வீட்டுப் பெட்டி

என் மனைவியின் அக்காவைக் கட்டியவன் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். எனக்குச் சகலை. நான் சங்கராபுரம் பக்கம் இருக்கிறேன். கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறேன். இரண்டு பேருமே கல்வராயன் மலையில் பிறந்தவர்கள். பிழைப்புக்குக் கீழே இறங்கினோம். அவன் நிழலுக்கு இறங்கினான். நான் வெயிலுக்கு இறங்கினேன்.

மலையில் மாமனார் வீட்டுக்குப் போனால் அவனுக்கு நாற்காலி வரும். எனக்கும் வரும், அவன் உட்கார்ந்த பிறகு. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை அவன் காயலான் கடைக்குப் போடவில்லை. வீட்டில் பீரோ பக்கத்தில் வைத்தான். டிவி மாதிரித் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. வெறும் பெட்டி, ஒரு பச்சை விளக்கு. அந்த வீட்டு வைஃபையில் போனைச் சேர்த்துவிட்டால் போனில் உள்ள படமெல்லாம் பெட்டிக்குள் ஒரு காப்பி போய்விடும். போன் உடைந்தாலும் படம் இருக்கும். டிவியில் போட்டும் பார்க்கலாம்.

பொங்கலுக்கு எல்லாரும் அங்கே கூடினோம். மாமனார் வீட்டுப் படம், மச்சான் பிள்ளைகள் படம் எல்லாம் அவன் வீட்டு டிவியில் ஓடியது. அவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி என் போனைக் கேட்டாள்.

“குடுங்க, நம்ம பொண்ணு படமும் போட்டு வெச்சிரலாம்.”

“வாணாம்” என்றேன்.

“இன்னா சகல, உன் போன்ல மட்டும் தங்கமா வெச்சிக்கினு கீற?” என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை.

போனில் தங்கம்தான் இருந்தது. மகள் இப்போது கடலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் சின்ன வயதுப் படமெல்லாம் என்னிடம் மட்டும்தான். அதில் ஒரு வீடியோ. முன்பல் விழுந்த வாயோடு டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, அவளாகவே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடுவாள். கரும்பைப் பற்றிய பாட்டு. என் மகளைப் பார்க்க அவன் ரிமோட்டை அமுக்க வேண்டுமா? சாப்பிட்டுவிட்டு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டேன்.

ஆலைக்குப் போகும் வழியில் ஒரு எடைமேடை உண்டு. அங்கே பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டு மூலையில் போட்டிருந்தார்கள். கேட்டேன், கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே முழுக்கக் கரும்புச் சோகைத் தூசி. சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் சுத்தம் செய்து, சகலை வீட்டில் இருப்பது மாதிரியே ஆக்கிக் கொடுத்தார். கேபிள்காரர் வைஃபை ஏற்கெனவே போட்டிருந்தார். அரிசி டிரம் மேல் வைத்தேன். மனைவி மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். என் பெட்டியிலும் பச்சை விளக்குதான்.

சகலையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாடு ஒரு சாக்கு. அவன் பெட்டிப் பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

“ஹார்ட் டிஸ்க் மாத்துனியா சகல?”

“எதுக்கு? ஓடிக்கினுதான கீது?”

“எடைமேடையில தூசியிலயே கெடந்த டிஸ்க்கு. சத்தம் ஜாஸ்தியா கீது. இத மட்டும் நம்பாத.”

பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

போனில் இடமே இல்லை, அடிக்கடி நின்றுபோனது. படம்தான் வீட்டில் பத்திரமாக இருக்கிறதே என்று போனில் இருந்ததையெல்லாம் அழித்தேன்.

கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த சமயம். வீட்டுக்கு வந்தால் பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம். விளக்கு எரிகிறது, படம் வரவில்லை. ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, “டிஸ்க் போச்சுங்க. உள்ள இருந்தது எதுவும் எடுக்க முடியாதுங்க” என்றார்.

மறுநாள் லோடு இருந்தது. போனேன். ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. மகள் பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் அடி வந்தது. அடுத்தது வரவில்லை. முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்.

“அக்கா வூட்டு மாமா பெட்டியில கீது.”

“இன்னாது?”

“பாப்பா படம், பாட்டு எல்லாம். பொங்கலுக்கு நீங்க படுத்துக்கினு இருந்தீங்க இல்ல, அப்ப அக்கா மவ உங்க போன எடுத்து ஏத்திட்டா. நான்தான் குடுத்தேன்.”

“யாரக் கேட்டு குடுத்த?”

“மலையில எங்கப்பா சாமை வெதைய ஒரே வூட்லயா வெப்பாரு? பாதி எங்க வூட்ல, பாதி பெரியப்பா வூட்ல. எலி தின்னாலும் கூரை எரிஞ்சாலும் ஒரு பானை நிக்கும். பெரியப்பாவோட பேச்சுவார்த்தை இல்லாத வருசம் கூட கொண்டும்போயி வெச்சிட்டுத்தான் வந்தாரு. உங்குளுக்குத் தெரியாதா?”

தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பானையை நானே சுமந்திருக்கிறேன்.

பெட்டியைச் சாக்கில் கட்டிக் கள்ளக்குறிச்சிக்கு, சகலை வீட்டுக்கே எடுத்துப்போனேன். ‘அன்னிக்கே சொன்னனே’ என்று சகலை சொல்வான் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போனேன். அவன் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினான். சொல்லியிருந்தால் தேவலை. சண்டையாவது போட்டிருக்கலாம்.

புது டிஸ்க் போட்டு, மகள் படத்தையெல்லாம் அதில் ஏற்றினான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்.

“சகல, எங்க வூட்டுதும் ஒரு காப்பி உன் பெட்டியில கெடக்கட்டும். எங்க வூட்டு வயரிங் பழசு. நெட்டுலயே ரெண்டுக்கும் போக்குவரத்து வெச்சிர்றேன். உன்னுது இங்க, என்னுது அங்க. சரியா?”

“சரி.”

இப்போது என் வீட்டு டிவியில் மகள் பாடுகிறாள். இரண்டாம் அடியில் கரும்பு எறும்போடு சண்டை போடுகிறது. அதைத்தான் மறந்திருந்தேன்.

சகலை வீட்டுப் படம் தனியாக இருக்கிறது. பார்க்கக் கூடாதுதான். ஒருநாள் பார்த்தேன். அவன் கடை, அவன் பைக், புது பிரிட்ஜ். வயிறு எரிய எரியத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் என் டிராக்டர் வந்தது. எங்கள் வீட்டு வாசல், ஆயுத பூஜை. வண்டிக்கு நான் கட்டிய வாழைக்கன்று, நான் போட்ட மாலை. டிரைவர் சீட்டில் அவன். என் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டியிருக்கிறான். இரண்டு கையும் ஸ்டீரிங்கில். சட்டை வேறாக, மாலை வேறாக இன்னும் சில படங்கள். வருஷா வருஷம் ஏறியிருக்கிறான். நான் உள்ளே சாப்பாடு பரிமாறிக்கொண்டு இருந்திருப்பேன்.

யாரைக் கேட்டு ஏறினான் என்றுதான் முதலில் தோன்றியது. மற்றப் படங்களில் கியரில் கை வைத்திருக்கிறானா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். வைக்கவில்லை.

அவன் மூஞ்சியைப் பார்த்தேன். கடையில் அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாமாவுக்கு அந்தத் துண்டு நல்லாத்தான் கீது” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என்னைவிட அவனுக்கு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.